ஆட்டுக்குட்டி பாலத்தைக் கடக்கும் வரை

அந்தப் படத்தை நூறு தடவைக்குக் குறையாமல் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையேனும் விரும்பிப் பார்த்தேனில்லை. சிறு பிள்ளைகளுக்கென்று எடுக்கப்பட்ட கிறிஸ்துமஸ் கார்ட்டூன் படம் அது. சார்ஜாவில் வேலை பார்க்கும் என் மகன் ஒருமுறை விடுமுறையில் வந்தபோது டி.வி.டி. பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தித் தந்தான். அவர்கள் திரும்பிப் போகையில் பேரன் மறந்து விட்டுச்சென்ற அந்தப் படத்தின் குறுந்தட்டு அதற்குள்ளேயே தங்கிவிட்டது. கழுத்தில் மணி கட்டிய ஆட்டுக்குட்டி ஒன்று மந்தையைப் பிரிந்து, வானத்து நட்சத்திரத்தைப் பார்த்தபடி பனிக்குள் நடந்துபோகும் கதை. பேச்செல்லாம் ஆங்கிலம். அச்சுக்கூடத்தில் முப்பத்தோராண்டு எழுத்துக் கோத்து, பிறர் எழுதியவற்றைக் கோத்துக் கோத்தே தமிழ் கற்றவன் நான். ஆங்கிலம் எனக்கு எட்டவில்லை. எனினும் அந்த ஆட்டுக்குட்டி எந்த நொடியில் எந்தப் பக்கம் தலையைத் திருப்பும் என்பதை இன்றும் சொல்வேன்.

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் கொண்ட ஒரு வளவு. எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல், ஓர் அடிகுழாய், துணி காயப்போடும் ஒரு முற்றம். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒற்றைச் செங்கல் சுவர். எங்கள் சுவருக்கு அப்பால் ஒரு கிறிஸ்தவக் குடும்பம்: கணவன், மனைவி, ஏழு வயதுப் பெண், நாலு வயது ஆண். கணவன் மின்விசிறியும் மிக்ஸியும் விற்கும் கடையில் விற்பனையாளன். குடிக்கமாட்டான். ஆலயப் பாடகர் குழுவில் பாடுவான், நல்ல குரல். வளவுப் பெண்கள் அடிகுழாயில் சிரமப்படுவதைக் கண்டால் குடத்தை வாங்கித் தானே அடித்து நிரப்பித் தருவான். அந்தக் கையால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலயம் விட்டு வந்து, மதியச் சாப்பாட்டின்போது மனைவியை அடிப்பான்.

முதல் முறை நிகழ்ந்தபோது எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவருக்கு அப்பால் ஓர் எவர்சில்வர் தட்டு விழுந்து சுழன்று அடங்கியது. சற்றைக்கெல்லாம் அந்தப் பெண்பிள்ளை, தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் வெறும் டம்ளரோடு எங்கள் நடைக்கு வந்தாள்.

"ஆச்சி, அம்மை ஒரு டம்ளர் சீனி வாங்கியாரச் சொன்னா."

என் மனைவி சீனி டப்பாவைத் திறந்தாள். பிள்ளை டம்ளரை நீட்டவில்லை.

"இப்பம் வேண்டாம் ஆச்சி. பெறவு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லித் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே தரையில் அமர்ந்தாள். அந்தப் பெட்டி பொதுச்சுவரை ஒட்டி இருந்தது. அதற்கு மேலே ஆணியில் தொங்கிய நாட்காட்டி ஒருமுறை துள்ளியது. பின் இன்னொரு முறை. சுண்ணாம்புப் பொடி பெட்டியின் மேல் உதிர்ந்தது. ஒரு பெண்ணின் வாயை யாரோ கையால் பொத்தும்போது எழும் ஓசை கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் கைக்கெட்டிய பொத்தானை அழுத்தினேன். மணியோசையோடு ஆட்டுக்குட்டி வந்தது. சிறுவன் அழுகையை நிறுத்தினான்.

மறு ஞாயிறு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டியதும் அவனே திறந்தான். முகம் வியர்த்திருந்தது, சிரித்தான்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. ஏட்டி, அண்ணாச்சிக்குக் காப்பி கொண்டா."

அவள் சேலை முந்தியால் வாயை மறைத்துக்கொண்டு காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது தட்டில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்தது. அவன் அதைத் தன் விரலால் துடைத்துவிட்டு, ஆலயத்தில் அன்று பாடிய பாட்டின் இராகத்தைப் பற்றி எனக்கு விளக்கினான். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன்.

அன்று பொழுதடையுமுன் அவன் இடைவாரை எடுத்தான். அதன் இரும்புக் கொண்டி சுவரில் படும் ஓசையும் உடம்பில் படும் ஓசையும் வெவ்வேறானவை என்பதை அன்றுதான் அறிந்தேன். மறுநாள் அடிகுழாயடியில் அவள் என் மனைவியிடம் தலை நிமிராமல் சொன்னாளாம்:

"பெரியம்மா, பெரியப்பாவ வர வேண்டாம்னு சொல்லுங்க. அவுக வந்துட்டுப் போனதுக்கும் சேத்துல்லா வாங்குதேன். பிள்ளையள மட்டும் அங்கன வச்சுக்கிடுங்க. டி.வி.ய நல்லாச் சத்தமா வையுங்க. அதுக காதுல விழக்கூடாது."

அவளே கேட்டுக்கொண்டதாயிற்று. அன்றிலிருந்து ஞாயிறு மதியம் வெறும் டம்ளர் எங்கள் நடையில் தென்பட்டதும் நான் படத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுவேன். அந்த மணியோசை கேட்டதும் எதிர்வீட்டில் செய்தியும், மூலைவீட்டில் சினிமாப் பாட்டும், மாடியில் ஏதோ தொடரும் ஒவ்வொன்றாக உரக்கும். யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பத்தின் மானம் முற்றத்தில் சிதறாமல் காப்பதாகவே நாங்கள் அதைக் கருதினோம். எதிர்வீட்டில் தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிறு, உண்ட கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"என்ன வே, இன்னைக்கு ஆட்டுக்குட்டி சீக்கிரமே கிளம்பிட்டு போல?"

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டி.வி.டி. பிளேயர் பெட்டியின் மேல் இருந்ததால், சுவரில் பலமாக ஏதேனும் மோதும்போதெல்லாம் படம் திக்கும். ஆட்டுக்குட்டி தூக்கிய காலோடு நின்றுவிடும், திரை கட்டங்கட்டமாக உடையும், பிறகு நகரும். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அதை மறைக்க இயலவில்லை. சிறுவன், "ஏ படம், போ, போ" என்று கைதட்டுவான். பெண்பிள்ளை ஒவ்வொரு திக்கலுக்கும் ஒரு விரலாக மடக்குவாள். பெட்டியை வேறு சுவருக்கு மாற்றியிருக்கலாம் என்பது இரண்டாண்டுகளில் ஒரு தடவையும் எனக்குத் தோன்றவில்லை.

படம் தொடங்கி இருபத்தைந்து நிமிடத்தில், உறைந்த ஓர் ஓடையின் மேல் மரப்பாலம் ஒன்று வரும். பலகைகள் உடைந்த பாலம். ஆட்டுக்குட்டி அதன் மீது நடுங்கி நடுங்கிக் கடந்து அக்கரை சேரும். பெரும்பாலும் அந்த இடத்துக்குள் அவனுக்குக் கை ஓய்ந்துவிடும். "ஏலே, சாப்பிட வாங்க" என்று வாசலில் இருந்து இனிமையாக அழைப்பான். பிள்ளைகள் எழுந்து போவார்கள். என் மனைவி டம்ளரில் சீனியை நிரப்பிக் கொடுத்துவிடுவாள். பாலத்துக்கு அப்பால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் போனதும் நிறுத்திவிடுவதால் எங்களுக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு சுவர் வழக்கத்துக்கு மீறி அதிர்ந்தது. நான் எழுந்து சுவரையே பார்த்து நின்றதை அந்தப் பெண்பிள்ளை கவனித்தாள்.

"பயப்படாதீங்க தாத்தா. பாலம் வந்தா முடிஞ்சிரும்" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை எனக்குத் தைரியம் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டாம் ஆண்டு டிசம்பரில் ஒரு மாலை, பாட்டுக் குழுவினர் வளவுக்கு வந்தார்கள். அந்தப் பருவத்தில் வீடு வீடாகச் சென்று பாடுவது அவர்கள் வழக்கம். கிதாரும் மேளமும், சிவப்பு அங்கியும் முகமூடியும் அணிந்து ஆடும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் உடன் வந்தனர். பக்கத்து வீட்டுக்காரனும் அவர்களோடு நின்று பாடினான். முற்றமே அவன் குரலில் நிறைந்தது. அப்போது தாத்தா வேடம் போட்டவர் பையிலிருந்து ஒரு கைமணியை எடுத்து ஆட்டினார்.

சிறுவன் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். பெண்பிள்ளை பாய்ந்து வந்து அவன் காதுகளை இரு கைகளாலும் பொத்தினாள். பொத்திக்கொண்டு அம்மையைத் தேடினாள். அம்மை பலகாரத் தட்டோடு நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். குழுவினர் முகமூடியைக் கண்டு பயம் என்று எண்ணிச் சிரித்தார்கள்.

"லே, கிறிஸ்மஸ் தாத்தாவப் பாத்தா ஒண்ணுக்குப் போற? ஆம்பளப் பயலாலே நீ?" என்றான் தகப்பன். எல்லாரும் இன்னும் சிரித்தார்கள். அவன் கண் மட்டும் சிரிக்கவில்லை.

முகமூடி அவர்களைப் பயமுறுத்தவில்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் மாத்திரம் தெரிந்தது. அந்த மணி. அந்தப் பிள்ளைகளுக்கு மணி அடித்தால் அடுத்து அம்மை அடிபடுவாள். அவர்கள் காதில் அடிச்சத்தம் விழாமல் காத்துவிட்டேன் என்று நான் நினைத்திருக்க, அடிச்சத்தத்துக்கு ஓர் இசையை அமைத்துக் கொடுத்திருந்தேன். என் மனைவி வீட்டுக்குள் வந்ததும், "அந்தப் படத் தட்ட ஆத்துல எறிஞ்சிட்டு வாங்க" என்றாள். எறிகிறேன் என்றேன். எறியவில்லை. எறிந்துவிட்டால் அதற்குப் பதிலாக வேறு என்ன செய்வது என்பதை நான் தீர்மானிக்கவேண்டியிருக்கும். தீர்மானிக்க எனக்குப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. அவர்கள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. காலையிலிருந்தே அவள் அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாசனை வளவு முழுவதும் நிறைந்திருந்தது. ஆலயம் விட்டு வந்தவன் சோறு ஆகவில்லை என்று கண்டான். டம்ளர் எங்கள் நடைக்கு வந்தது. நான் படத்தைப் போட்டேன். எதிர்வீட்டில் செய்தி உரத்தது.

படம் திக்கியது. நகர்ந்தது. மீண்டும் திக்கியது. பாலம் வந்தது. ஆட்டுக்குட்டி ஒவ்வொரு பலகையாகத் தாண்டி அக்கரை சேர்ந்தது. யாரும் சாப்பிட அழைக்கவில்லை. திரையில் நாங்கள் இதுவரை கண்டிராத மணல்வெளி விரிந்தது. மூன்று ஒட்டகங்கள் வரிசையாக வந்தன.

"தாத்தா, ஒட்டகம்! ஒட்டகம் வருது பாருங்க!" என்று சிறுவன் துள்ளினான்.

பெண்பிள்ளை எழுந்து நின்றாள். "பாலம் போயிட்டு தாத்தா" என்றாள். என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "பாலம் போயிட்டு. இன்னும் நிக்கலை."

இரண்டாண்டுகளில் முதல் முறையாக நான் சத்தத்தை முழுவதும் குறைத்தேன். சுவருக்கு அப்பால் அடி விழுந்துகொண்டிருந்தது, சீராக, அவசரமின்றி. அவள் குரல் இல்லை. முனகலும் இல்லை. நாட்காட்டி ஆணியோடு கழன்று கீழே விழுந்தது. எண்ணெய் கருகும் வாடை வந்தது.

வளவு வாசலுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கம்பி சுவரோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் இரண்டு முறை ஓங்கி இடித்தேன். மரம் பிளந்தது.

அவள் அடுப்புக்கும் சுவருக்கும் இடையே முழங்காலிட்ட நிலையில் இருந்தாள். அவள் கூந்தலை அவன் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். தலையைப் பின்னுக்கு இழுத்துச் சுவரில் மோதினான், இழுத்தான், மோதினான். அந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் செங்கல் தெரிந்தது. நேற்று இன்று உதிர்ந்ததன்று அது. அதற்கு நேர் பின்னால்தான் எங்கள் பெட்டி இருந்தது. அவளுடைய இடது காதிலிருந்து கழுத்து வழியாக இரத்தம் ரவிக்கைக்குள் இறங்கியிருந்தது. தரையெங்கும் நொறுங்கிய அச்சுமுறுக்கு. எண்ணெய்ச்சட்டி அடுப்பில் புகைந்துகொண்டிருந்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கூந்தலை விடவில்லை. அடிகுழாயில் குடத்தை வாங்கும்போது பேசும் அதே குரலில், "அண்ணாச்சி, இது குடும்ப விசயம். நீங்க பைய வீட்டுக்குப் போங்க" என்றான்.

முதல் அடி அவன் முழங்கையில் விழுந்தது. கூந்தல் விடுபட்டு அவள் பக்கவாட்டில் சரிந்தாள். அவன் எண்ணெய்ச்சட்டியின் பிடியில் கை வைத்தான். இரண்டாம் அடி அவன் தோள்பட்டையில் விழுந்தது. காய்ந்த பனைமட்டை முறிவதுபோல எலும்பு முறிந்தது. சட்டி அடுப்பிலேயே ஆடி, விளிம்பில் வழிந்த எண்ணெய் என் புறங்கையில் பட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. இந்த இரண்டு அடிகளுக்கும் எந்த மன்றத்திலும் நான் பதில் சொல்வேன்.

மூன்றாம் அடிக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் அப்போது தரையில் கிடந்தான்; கையைத் தூக்கவும் இயலாதவனாக, "அண்ணாச்சி, வேண்டாம்" என்று கெஞ்சினான். நான் அடித்தேன். நாலாவதும் அடித்தேன். அவன் கெஞ்சியது எனக்கு இனித்தது. நான் குடித்த அந்தக் காப்பியையும், முற்றத்தில் நான் சிரித்த சிரிப்பையும் அவன் முதுகில் அடித்து இறக்கிவிடலாம் என்று என் கைக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஐந்தாவதற்கு ஓங்கியபோது தரையிலிருந்து அவள் குரல் வந்தது.

"போதும் பெரியப்பா. பிள்ள பாத்துக்கிட்டு நிக்கா."

திரும்பினேன். பிளந்த கதவருகே பெண்பிள்ளை நின்றாள். கையில் டம்ளர். அவள் தகப்பனைப் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து பிள்ளைகள் கூடிப் பாடும் ஆங்கிலப் பாட்டு வளவே அதிரும்படி கேட்டது. நான் குறைத்துவிட்டு வந்த சத்தத்தை அந்தச் சிறுவன் மறுபடி கூட்டியிருந்தான். அடி விழும்போது சத்தத்தைக் கூட்டவேண்டும் என்பதைத்தானே நாங்கள் அவனுக்குப் பழக்கியிருந்தோம்.

காவல் நிலையத்தில் என்னை ஒரு பகல் முழுவதும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வளவில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள்.

"ரெண்டு வருசமாப் பக்கத்து வீட்ல இப்படி நடந்திருக்கு. ஒண்ணுமே கேக்கலையா வே?"

"இல்லீங்க ஐயா. டி.வி. ஓடிக்கிட்டு இருந்திச்சு" என்றார் எதிர்வீட்டுக்காரர். மூலைவீட்டுப் பெண்ணும் அதையே சொன்னாள். மாடிவீட்டாரும் அதையே சொன்னார்கள். டி.வி. ஓடியது மட்டும் பொய்யில்லை. அவள் பட்ட அடிக்குச் சாட்சி கிடையாது. நான் அடித்த அடிக்கு நாலு சாட்சி இருந்தது. கடைசியில் மருத்துவரின் சீட்டுத்தான் அவளுக்காகப் பேசியது. இடது செவிப்பறை கிழிந்திருந்தது. மண்டையில் பழைய கீறல்கள் மூன்று இருந்தன. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இரு தரப்பும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவன் தோளைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாத்தான்குளம் பக்கம் தன் தாய்வீட்டுக்குப் போனாள். உயிரோடு போனாள்.

அடுத்த கிறிஸ்துமஸ் அன்று காலை, ஒரு தூக்குவாளி நிறைய அச்சுமுறுக்கோடு அவர்கள் மூவரும் வளவுக்கு வந்தார்கள். அவள் அங்கே ஒரு தையல் கடையில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். சிறுவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்து, "தாத்தா, ஒட்டகம் போடுங்க" என்றான். பெட்டியை நான் எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்தேன். அவன் பழைய இடத்தில் தேடி ஏமாந்து, பிறகு கண்டுபிடித்தான்.

பெண்பிள்ளை நடையைத் தாண்டி வரவில்லை. நான் எழுந்தால் அவள் ஓர் அடி பின்னால் போனாள். உட்கார்ந்தால் நின்றாள்.

"ஏளா, உள்ள வாயேன். தாத்தா ஒண்ணும் செய்ய மாட்டாவ" என்றாள் தாய். சொல்லிவிட்டு, அந்தச் சொல் எனக்குச் சுட்டிருக்கும் என்று உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். சுட்டது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையின் கணக்கில் ஓங்கிய கை ஓங்கிய கைதான்.

நான் ரிமோட்டை எடுத்துத் தரையில் வைத்து, நடைப்பக்கமாகத் தள்ளிவிட்டேன். அது சறுக்கிப்போய் அவள் காலடியில் நின்றது. அவள் குனிந்து எடுத்தாள். முதலில் சத்தத்தை முழுவதும் அடைத்தாள். பிறகு படத்தை ஓட்டினாள்.

மணி ஆடியது, ஓசை இல்லை. ஆட்டுக்குட்டி பனியில் நடந்தது. பழைய சுவரில் மறுபடி மாட்டியிருந்த நாட்காட்டி அசையவில்லை. பாலம் வந்தபோது அவள் கை நிலைப்படியைப் பற்றியது. பாலம் போயிற்று. அவள் தாயைத் தேடினாள். தாய் அடுக்களையில் என் மனைவியோடு நின்று தேங்காய் துருவிக்கொண்டு, "சத்தமாத்தான் வையேம்ட்டி. எனக்கு எப்படியும் பாதிதானே கேக்கப்போகு" என்று சொல்லிச் சிரித்தாள்.

மணல்வெளி வந்தது. மூன்று ஒட்டகங்கள் வந்தன. சிறுவன் எண்ணிப் பார்த்து மூன்றுதான் என்று உறுதி செய்துகொண்டான். பிறகு ஒரு மாட்டுத்தொழுவம் வந்தது. அதன் வாசலில் ஆட்டுக்குட்டி நின்று, உள்ளே போகலாமா என்று யோசிப்பதுபோலத் தலையைச் சாய்த்தது.

பெண்பிள்ளை நடையில் அமர்ந்தாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. ரிமோட்டை நீட்டி ஒருமுறை அழுத்தினாள். திரையின் அடியில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று எழுந்தது. என்னைப் பார்த்தாள். நான் அசையாமல் இருந்தேன். இன்னொருமுறை அழுத்தினாள். இரண்டு கோடு. அந்த அளவில் நிறுத்திக்கொண்டு, ரிமோட்டை மடியில் வைத்து, மீதிப் படத்தைப் பார்த்தாள்.